வாழ்த்தின் முதற்சொல்

எமது ஆலயத்திலே பூசை நிறைவுறும் வேளையில் பஞ்சபுராணம் ஓதப்படுவதை அடியார்கள் யாவரும் அறிவர். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் ஓதி, திருப்புகழும் பாடி, ஈற்றில் வாழ்த்துக் கூறி நிறைவு செய்வது ஈழத்துச் சைவாலயங்களின் நெடுநாள் வழமை. அவ்வாழ்த்து, காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே முருகப்பெருமானுக்குப் பூசை செய்து வந்த கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தில் உள்ளது. கோயிலில் மாத்திரமன்றிப் பாடசாலைப் பிரார்த்தனையிலும், வீட்டுக் கிருத்தியங்களிலும் இதையே சொல்லுகின்றோம். எழுத்து வாசனை இல்லாத எமது முன்னோரும் தட்டுத் தடங்கலின்றிச் சொன்ன பாடல் இது.

ஆயினும் இன்று நடப்பது என்ன? வாழ்த்துத் தொடங்கியவுடன் 'பூசை முடிந்தது' என்று பொருள் கொண்டு, பின் வரிசையில் நிற்பவர்கள் செருப்பைத் தேடப் புறப்பட்டு விடுகிறார்கள். முன் வரிசையில் நிற்பவர்களின் கண் விபூதித் தட்டிலே இருக்கின்றது. விசேட தினங்களில் நேரம் போதாமையால் பஞ்சபுராணத்துடன் நிறுத்திவிட்டு வாழ்த்தை விட்டுவிடலாமே என்றொரு யோசனையும் எமது பரிபாலன சபைக் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அடியேன் அதற்கு உடன்படவில்லை. கூட்டத்தில் இதை விரிவாகச் சொல்ல அவகாசம் கிடைக்காமையால் இம்மலரில் எழுத முன்வந்தேன். பாடல் முழுவதற்கும் உரை எழுதுவது என் நோக்கமன்று. அதன் முதற்சொல் 'வான்'. அந்த ஒரு சொல்லைப் பற்றியே ஈண்டு சொல்ல விரும்புகின்றேன். அதன் பொருள் விளங்கினால் வாழ்த்தை ஏன் விடக்கூடாது என்பதும் விளங்கும்.

அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை "வான் என்றால் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை "சொர்க்கம்" என்றது. இன்னொரு பிள்ளை "ஆகாயம்" என்றது. பின்னால் இருந்த சிறுவன் ஒருவன், "ஐயா, அது எங்கட குளத்து வான் தானே? தண்ணி பாயிற இடம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே "இல்லை, ஹயஸ் வான்" என்று ஒரு குரலும் வந்தது. கடைசியாகச் சொன்ன வாகனத்தை விட்டுவிடுவோம், அது ஆங்கிலேயன் தந்த வான். மற்ற மூன்று விடைகளையும் எடுத்துப் பார்த்தால் சிரிப்பதற்கு எதுவுமில்லை. மூன்றும் வழக்கில் உள்ளவையே. ஆனால் வாழ்த்திலே வருகின்ற வானுக்கு மிக அருகில் நின்றவன், சிரிப்புக்கு ஆளான அந்தச் சிறுவன்தான் என்பது என் கருத்து.

'வான்' என்பது தனித் தமிழ்ச் சொல். வானம் என்பது அதன் நீட்சி. எமது மொழியோடு உடன்பிறந்த மற்றைய மொழிகளிலும் இச்சொல் இருக்கின்றது. மலையாளத்தில் வானம் என்பர், பேச்சிலே மானம் என்பர். கன்னடத்தில் வகரம் பகரமாகி 'பானு' என்று வழங்கும். துளுவிலும் அவ்வாறே. இவற்றிலெல்லாம் மேலே தெரிகின்ற வெளியையே அது குறிக்கின்றது. தெலுங்கு மொழியில் மாத்திரம் ஒரு வேறுபாடு. அங்கே 'வான' என்றால் மழை. ஆகாயத்துக்கு அவர்கள் வேறு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுச் சொல், ஒரு வீட்டிலே மேலிருக்கும் வெளியாகவும், இன்னொரு வீட்டிலே அங்கிருந்து விழும் நீராகவும் வளர்ந்திருக்கின்றது. தமிழ் வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருக்குறளின் முதலாம் அதிகாரம் கடவுள் வாழ்த்து. இரண்டாம் அதிகாரத்தின் பெயர் 'வான்சிறப்பு'. பெயரை மட்டும் பார்த்தவன், வானத்தின் அழகையும் நட்சத்திரங்களையும் பற்றி வள்ளுவர் பாடியிருப்பார் என்று நினைப்பான். உள்ளே சென்றால் பத்துக் குறளும் மழையைப் பற்றியவை. வான், வானம், விண், விசும்பு என்னும் நான்கு சொற்களும் அந்த ஓர் அதிகாரத்துக்குள்ளேயே வருகின்றன. நான்கும் மழையை ஒட்டியே வருகின்றன. அதிலும் எட்டாவது குறளைக் கோயிலோடு சம்பந்தப்பட்ட நாங்கள் அவசியம் நினைவில் வைத்திருக்க வேண்டும். மழை இல்லையென்றால் தேவர்களுக்குக்கூட இவ்வுலகிலே நித்திய பூசையும் நடவாது, திருவிழாவும் நடவாது என்பது அதன் கருத்து. மழைக்கு வானம் என்றும் தேவர்களுக்கு வானோர் என்றும் ஒரே குறளுக்குள் சொல்லை வைத்திருக்கின்றார். வானோர் வானத்தை நம்பி இருக்கிறார்கள்! திருவிழாக் கணக்கு எழுதுபவன் என்ற வகையில் நான் இதை ஒப்புக்கொள்வேன். வயல் விளைந்த வருடத்து உபயக் கணக்கும் விளையாத வருடத்து உபயக் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

பேச்சு வழக்கையும் கவனியுங்கள். 'வானம் பார்த்த பூமி' என்கின்றோம். அந்தப் பூமி நட்சத்திரம் எண்ணுவதற்காக மேலே பார்க்கவில்லை. குளத்து நீர் ஏறாத மேட்டு நிலம் அது. அதிலே செய்யும் பயிரை மானாவாரிப் பயிர் என்பது எமது வழக்கு. வானவாரி என்பதே, மலையாளத்தில் வானம் மானமானது போல, மானாவாரி ஆயிற்று என்பர். மழை பெய்யாவிட்டால் 'வானம் பொய்த்துப் போச்சு' என்கின்றோம். இந்தப் 'பொய்த்தல்' என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வாக்குக் கொடுத்தவன்தானே பொய்யன் ஆகலாம்? வானம் எங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கின்றது என்ற நம்பிக்கையிலேதான் இந்த வழக்குப் பிறந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கமக்காரன் வடகீழ்த் திசையைப் பார்ப்பது அந்த வாக்கை நம்பித்தான். எங்கள் பகுதிக்கு வருடத்து மழையின் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதத்தில் விழுந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதமும் பொய்த்தால் காலபோகம் இல்லை. குளம் நிரம்பாது விட்டால் சிறுபோகமும் இல்லை.

விண் என்ற சொல் வானுக்கு உடன்பிறப்புப் போன்றது. விண்ணவர், விண்ணோர், விண்வெளி என்றெல்லாம் வழங்குகின்றோம். இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பைச் சொல்லாமற் போக என் பழைய தொழில் விடவில்லை. அரசாங்க இலிகிதனாக இருந்த காலமெல்லாம் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். 'விண்ணுக்கு அனுப்புவதே விண்ணப்பம், அதனால்தான் பதில் வருவதில்லை' என்று கந்தோரிலே பகிடியாகச் சொல்லுவார்கள். சிலர் இதனை உண்மையான சொற்பிறப்பென்றே நம்பியும் இருந்தார்கள். விண்ணப்பத்துக்கும் விண்ணுக்கும் உறவு இல்லை. அறிவித்தல் என்ற பொருளுடைய 'விஞ்ஞாபனம்' என்ற வடசொல்லோடு தொடர்புடைய சொல், பிராகிருதத்தின் வழியாக விண்ணப்பமாகத் தமிழுக்கு வந்தது. ஒலி ஒத்திருப்பதனால் மாத்திரம் இரண்டு சொற்களை உறவாக்கி விடக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி ஆகாயம். இது 'ஆகாச' என்ற வடசொல்லின் தமிழ் உருவம். தேசம் தேயம் ஆனது போல ஆகாசம் ஆகாயம் ஆயிற்று. விளங்குதல், ஒளிர்தல் என்னும் பொருளுடைய அடியிலிருந்து இச்சொல் பிறந்தது என்பர் வடமொழியாளர். வானும் ஆகாயமும் ஒன்றென்றே நாங்கள் வழங்கினாலும், சைவ நூல்களில் ஆகாயத்தின் வேலை வேறு. அது ஐம்பூதங்களில் ஒன்று. நிலத்துக்கு ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் ஆகிய ஐந்து குணமும் உண்டு. நீருக்கு நாற்றம் நீங்கிய நான்கு, தீக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு. ஆகாயத்துக்கு ஓசை ஒன்று மாத்திரமே. எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்து, தான் எதனோடும் ஒட்டாது நிற்பது அது. தொல்காப்பிய மரபியலில் இந்த ஐந்தாம் பூதத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் விசும்பு.

இறைவன் ஆகாய வடிவாக விளங்கும் தலம் சிதம்பரம். 'சித்' என்பது அறிவு, 'அம்பரம்' என்பது வெளி. அறிவுப் பெருவெளி என்பதே அத்தலப் பெயரின் பொருள். அம்பரம் என்பதற்கு ஆடை என்றும் பொருளுண்டு. பீதாம்பரம் மஞ்சள் ஆடை, திகம்பரர் திசையையே ஆடையாக உடையவர். சிதம்பர இரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டும்போது அங்கே திருவுருவம் எதுவும் இருப்பதில்லை. பொன் வில்வமாலை தொங்குகின்ற வெளியே தெரியும். காரைநகர்ச் சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றுகின்ற எமக்கு இத்தத்துவம் புதியதன்று. ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான். ஆகாயம் என்று சொல்லும்போது சைவம் இறைவனின் எல்லையில்லா வெளியை நினைக்கின்றது. வான் என்று சொல்லும்போது தமிழன் மழையை நினைக்கின்றான். இரண்டும் ஒரு திசையிலே இருப்பதனால் ஒரே பொருளாகி விடவில்லை.

மூன்றாவது விடையாகிய சொர்க்கத்துக்கு வருவோம். சுவர்க்கம் என்ற வடசொல்லே பேச்சில் சொர்க்கம் ஆயிற்று. 'சுவர்' என்பது ஒளியையும் ஒளியுலகையும் குறிக்கும். அங்கே செல்வது என்பது சுவர்க்கத்தின் சொற்பொருள். பழந்தமிழ் நூல்களில் இதனைத் துறக்கம் என்பர். வானுலகு, விண்ணுலகு, பொன்னுலகு என்பனவும் இதற்கே பெயர். எங்கள் அயலிலே வாழும் கத்தோலிக்க சகோதரர்கள் விண்ணகம், விண்ணரசு என்பார்கள். இஸ்லாமிய சகோதரர்கள் சுவனம் என்பார்கள். அவரவர் சமயத்தில் அச்சொற்களுக்கு உயர்ந்த பொருள் உண்டு. நல்லவர்கள் சென்று சேரும் முடிவான இடம் அது. அயலில் கேட்டுக் கேட்டுச் சைவப் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். முதற்பிள்ளை வானுக்குச் சொர்க்கம் என்று விடை சொன்னதன் காரணம் அதுதான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களாகிய நாங்களே மரண அறிவித்தலில் 'விண்ணுலகு எய்தினார்' என்று எழுதுகின்றோம்.

சைவத்தின் கொள்கை அதுவன்று. எழுவகைப் பிறப்பைப் பற்றி நாவலர் பெருமானின் சைவ வினாவிடையிலே படித்தவர்கள் அறிவார்கள். தாவரம், ஊர்வன, நீர்வாழ்வன, பறவை, விலங்கு, மனிதர், தேவர் என்ற ஏழில் தேவரும் ஒரு பிறப்பே. சுவர்க்கம் புண்ணியத்தின் பலனை அனுபவிக்கும் இடம். வங்கியிலே போட்ட பணம் எடுக்க எடுக்கத் தீர்வது போல அப்புண்ணியம் தீர்ந்ததும் மீண்டும் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயமும் இதையே சொல்லுகின்றது. மணிவாசகப் பெருமான் திருச்சதகத்திலே இந்திர பதவியையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஆதலாலேதான் எங்கள் முன்னோர் 'சிவபதம் அடைந்தார்' என்று எழுதினார்கள். அந்தியேட்டிக் கல்வெட்டு எழுதுவதற்கு என்னிடம் வருபவர்களுக்கு விண்ணுலகை வெட்டிவிட்டுச் சிவபதம் என்று போட்டுக் கொடுப்பேன். 'அமரர்' என்ற சொல்லையும் ஒருமுறை யோசிக்கலாம். அமரர் என்றால் சாவாதவர், தேவர் என்று பொருள். நாங்கள் அதை இறந்தவரின் பெயருக்கு முன்னால் போடுகின்றோம். வழக்கில் ஊறிவிட்டபடியால் அதை இனி மாற்ற முடியாது.

தேவருலகம் எவ்வளவு பத்திரமான இடம் என்பதை அறியக் கந்தபுராணத்தைத் தவிர வேறொரு நூலும் வேண்டியதில்லை. எமது ஆலயங்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, அடியார்கள் தூணிலே சாய்ந்திருந்து கேட்ட கதை இது. சூரபன்மனுக்குப் பயந்து வானோர் தலைவனாகிய இந்திரன் தன் உலகத்தை விட்டு ஓடினான். சீர்காழியிலே மூங்கில் வடிவாக ஒளித்திருந்தான். சிவபூசைக்கென்று அங்கே ஒரு நந்தவனம் வைத்தான். மழை பெய்யவில்லை. பூஞ்செடிகள் வாடிக் கருகின.

இந்த இடத்தில் அடியார்கள் சற்று நிற்க வேண்டும். இந்திரனுக்கு மேகவாகனன் என்றொரு பெயர் உண்டு. மேகத்தையே வாகனமாக உடையவன், மழைக்கு அதிபதி. அவன் ஒரு பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றான்! வானம் பார்த்த பூமியிலே நிற்கும் கமக்காரனுக்கும் அவனுக்கும் என்ன வேற்றுமை? அப்பொழுது நாரதர் சொல்லிக் கொடுத்தபடி இந்திரன் விநாயகப் பெருமானை வழிபட்டான். அகத்திய முனிவர் காவிரியைக் கமண்டலத்திலே அடைத்து வைத்திருந்தார். எம்பெருமான் காக வடிவெடுத்துச் சென்று அக்கமண்டலத்தின் மேல் இருந்தார். முனிவர் கையை ஓங்கித் துரத்த, காகம் கமண்டலத்தைக் கவிழ்த்துவிட்டுப் பறந்தது. காவிரி பெருகி ஓடிச் சீர்காழி நந்தவனத்தையும் நனைத்தது. சினந்த முனிவர் சிறுவனாக வந்த பெருமானின் தலையிலே குட்டத் துரத்தினார். பின்னர் யாரென்று உணர்ந்து தம் தலையிலே தாமே குட்டிக்கொண்டார். நாங்கள் பிள்ளையார் சந்நிதியில் குட்டிக் கும்பிடுவதற்கு இக்கதையைக் காரணமாகச் சொல்லுவார்கள்.

வன்னிக் குளங்களின் கட்டிலே பிள்ளையார் ஏன் இருக்கின்றார் என்று வெளியூரவர்கள் கேட்பதுண்டு. எங்களூர் முதியவர்கள் இந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்லுவார்கள். அடைபட்ட நீரைத் திறந்துவிடுபவர் அவர்.

இப்பொழுது வாழ்த்துக்குத் திரும்புவோம். அதிலே கேட்கப்படுவனவற்றை ஒழுங்காக எண்ணிப் பாருங்கள். முதலில் மழை தவறாது பெய்ய வேண்டும். அடுத்து வளம் பெருக வேண்டும். அதற்கடுத்து ஆட்சி செய்பவன் முறை தவறாது ஆள வேண்டும். பின்பு உயிர்கள் யாவும் குறைவின்றி வாழ வேண்டும். அதன் பின்பே மறையறமும், தவமும், வேள்வியும் சொல்லப்படுகின்றன. சைவநீதி உலகமெல்லாம் விளங்க வேண்டும் என்பது கடைசியில் வருகின்றது. முருகப்பெருமானுக்குப் பூசை செய்த ஒரு சிவாசாரியார், மழையை முதலிலும் தமது சமயத்தை ஈற்றிலும் வைத்திருக்கின்றார். சொர்க்கம் வேண்டும் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. 'எனக்கு' என்ற சொல்லும் பாட்டிலே கிடையாது. எங்கள் நேர்த்திகள் எல்லாம் எனக்கு, என் பிள்ளைக்கு, என் வழக்குக்கு, என் வீசாவுக்கு என்று இருக்கின்றன. அவற்றைக் கேட்பதில் தவறில்லை, பெற்றவரிடம் கேட்பது போலத்தான். ஆனால் பூசையிலே நின்ற அத்தனை பேரும் சேர்ந்து ஊருக்காகக் கேட்பது இந்த வாழ்த்தின்போது மாத்திரமே. அதை நேரம் போதாது என்று விட்டால் மீதியெல்லாம் தனித்தனி விண்ணப்பங்களாகவே இருக்கும்.

ஒழுங்கு இவ்வாறு அமைந்தது கச்சியப்பர் ஒருவரின் மனப்போக்கு அன்று. அவருக்கு மிக முற்பட்ட திருஞானசம்பந்தப் பெருமான் மதுரையிலே வைகையாற்றில் இட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் நின்றது என்பர். அந்த ஏட்டிலே எழுதப்பட்டது திருப்பாசுரம். அதன் தொடக்கத்திலும் குளிர்ந்த நீர் விழ வேண்டும் என்ற வேண்டுதல் அரசனுக்கு முன்பாகவே வருகின்றது. அங்கே வானவரும் வாழ்த்தப்படுகின்றனர். மனிதன் தேவரை வாழ்த்துவது விசித்திரமாகத் தோன்றலாம். சீர்காழிக் கதையை நினைத்தால் விசித்திரம் தீர்ந்துவிடும். அதே பெருமான் மேகராகக்குறிஞ்சி என்னும் பண்ணிலே சில பதிகங்களை அருளினார். அவை முதலாம் திருமுறையில் உள்ளன. மழை வேண்டி இப்பண்ணைப் பாடுவது மரபு. அவற்றுள் திருவையாற்றுப் பதிகம் ஒன்றிலே, கோயில் முழவின் ஓசையை இடியென்று எண்ணிப் பயந்த மந்தி, மரத்திலே ஏறி முகில் வருகிறதா என்று பார்ப்பதாக ஒரு காட்சி வருகின்றது. ஓதும்போது முகத்திலே புன்சிரிப்பு வரும்.

இனி அந்தச் சிறுவன் சொன்ன குளத்து வான். குளத்திலே துருசு என்பது நாங்கள் வேண்டும்போது நீரைத் திறந்து வயலுக்கு விடும் வழி. வான் என்பது குளம் கொள்ளளவுக்கு மேல் நிரம்பும்போது மேலதிக நீர் தானாக வழிந்து போவதற்கு அமைத்த இடம். தமிழ்நாட்டில் இதனைக் கலிங்கு என்பர். எங்களுக்கு 'குளம் வான் பாயுது' என்றால் ஊரே கூடிப் பார்க்கச் செல்லும் சந்தோஷச் செய்தி. பெரிய குளங்களிலே இதற்குக் கதவு போட்டு வான்கதவு என்கின்றோம். சிங்கள மக்களும் நீர் வழியும் இவ்விடத்தை 'வான' என்றே சொல்லுகிறார்கள். யார் யாரிடம் வாங்கினார் என்று வழக்காடுவதிலே எனக்கு ஆர்வமில்லை. இரு பகுதியாரும் ஒரே மழையை நம்பி ஒரே விதமான குளங்களைக் கட்டினார்கள், ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். குளத்து வானிலே நின்று பார்த்தால், மேலே இருந்த வான் நிலத்துக்கு இறங்கி வந்து, குளம் நிரம்பி, மிஞ்சியது காலுக்கடியில் ஓடுவதாகவே எனக்குத் தோன்றும்.

அந்த ஓட்டம் எப்போதும் சந்தோஷம் தருவதில்லை என்பதையும் நாங்கள் கண்டவர்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அழித்தது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. மலைநாட்டிலே மண் சரிந்து வீடுகளோடு மனிதர்களையும் கொண்டு போயிற்று. 'மழை பெய்ய வேண்டும் என்று கோயிலிலே கேட்டீர்கள், கொடுத்துவிட்டார்' என்று அந்த நாட்களில் ஒருவர் கசப்போடு சொன்னார். அவருடைய வயலும் போய்விட்டது, கோபிக்க முடியாது. கெடுப்பதும் மழை, கெட்டவனைத் தூக்கி நிறுத்துவதும் மழை என்று வான்சிறப்பு அதிகாரத்திலேயே வள்ளுவரும் சொல்லியிருக்கின்றார். ஆனால் வாழ்த்தில் உள்ள வேண்டுதலைச் சரியாகப் பார்த்தால், மழை மிகுதியாகக் கொட்ட வேண்டும் என்று அங்கே கேட்கப்படவில்லை. வழுவாது பெய்ய வேண்டும் என்பதே வேண்டுதல். வழு என்றால் தவறு, குற்றம். காலம் தப்பிப் பெய்வதும் வழு, பெய்யாது விடுவதும் வழு, அளவு கடந்து பெய்து அழிப்பதும் வழுவே. வழாது என்ற அந்தச் சொல்லுக்குள் இம்மூன்றையும் அடக்கியே நான் கேட்கின்றேன்.

ஓதும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. முதற்சொல்லையும் அடுத்து வரும் முகில் என்ற சொல்லையும் சேர்த்து ஒரே மூச்சிலே சொல்ல வேண்டும். வானத்து மேகம் என்று பொருள். பலரும் 'வான்' என்று நீட்டி நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு அடுத்ததைத் தொடங்குகிறார்கள். அப்படிப் பிரித்தால் பிள்ளைகள் தனித்த ஒரு வானைக் கேட்டுச் சொர்க்கம் என்று எண்ணவே செய்வார்கள். அறநெறிப் பாடசாலையிலே இப்பொழுது சேர்த்துச் சொல்லப் பழக்கியிருக்கின்றோம்.

பரிபாலன சபையிலும் விடயம் ஒருவாறு இணக்கத்துக்கு வந்திருக்கின்றது. நேரம் குறுகிய நாட்களில் அறிவித்தல்களையும் பொன்னாடை போர்த்துதலையும் பூசைக்குப் பின்னால் தள்ளுவது, வாழ்த்தை அதன் இடத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு. விபூதித் தட்டு வாழ்த்து முடிந்த பிறகே வெளியே வரும். இந்த மகோற்சவத்தில் கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை மாலைப் பூசைகளில் வாழ்த்தை அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளே முன்னின்று சொல்லுவார்கள். குளத்து வான் என்று விடை சொன்ன சிறுவன் முதல்நாள் தொடங்கி வைப்பான்.